இரண்டுதான்

க்ளோங் யாய் துறையில்
பனிக்கட்டி நொறுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில்
ஈரத்தில் குந்தியிருந்து கேட்டாள் கன்லயா:
நேற்றிரவு எத்தனை?

கையில் ஒரு அளவுகோல்.
மழைக்குப் பயந்து பாலித்தீன் சுற்றிய நோட்டு.
போலீஸ் இல்லை, வியாபாரி இல்லை,
எல்லை தாண்டி வந்தவனிடம்
காகிதம் கேட்காத முதல் ஆள்.
அதனால் உண்மையைச் சொன்னேன்.
இரண்டு.
இரண்டுதான்.

மூன்று முறை இறக்கி மூன்று முறை ஏற்றினோம்.
மடி என்றுதான் பெயர்,
அதில் யாரும் தூங்கி எழுவதில்லை.
முடிச்சை உருவினால் தளம் முழுக்க
இறால், கணவாய், காரல்,
வேரோடு வந்த கடற்புல், ஒற்றைச் செருப்பு,
மிச்சமெல்லாம் சங்காயம்.
மாவு ஆலைக்குப் போய்க்
கோழித் தீவனமாகிவிடும்.
அந்தக் குவியலுக்குள் இரண்டு.
விரல் நீளம்.
குதிரை என்று யார் பெயர் வைத்தார்களோ,
எதையாவது பிடித்துக்கொண்டு
நிற்க மட்டுமே தெரிந்ததற்கு.

முன்பு அவை எங்கள் பங்கு.
தண்டல் கணக்கில் சேர்க்கமாட்டார்.
சுக்கான் அறையின் தகரக் கூரையில் காயவைத்து
பிஸ்கட் டப்பாவில் போடுவோம்.
எங்கோ யாருக்கோ மூட்டுவலி,
எங்கோ ஒரு சாராயப் போத்தல்.
எனக்கு அது
கம்பொத்தில் இருக்கும் மனைவியோடு
ஒரு மாதத் தொலைபேசிப் பேச்சு.
பிறகு சட்டம் வந்தது.
வாங்குகிறவர் வருவதை நிறுத்தினார்.
வலைக்கு யாரும் சொல்லவில்லை.

என் டப்பா இன்னும் படுக்கைக்கு அடியில்.
படகு சாயும்போதெல்லாம்
உலர்ந்த பயறு போலச் சலசலக்கும்.

கன்லயா எழுதிக்கொண்டு அடுத்த படகுக்குப் போனாள்.
பியாருன் குரல் கேட்டது: ஒன்று.
அதற்கும் அடுத்ததில்,
மூன்று. இல்லையில்லை, இரண்டு.
ஒருவரும் பொய் சொல்லவில்லை.
ஒருவரும் நிறையப் பிடிக்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு. பெருக்கல் தெரியும்.
அன்றிரவு மீன்பெட்டி மூடியில் ஆணியால் கீறினேன்.
இரவுக்கு இரண்டு,
மாதத்துக்கு இருபத்திரண்டு இரவு,
துறையில் எழுபத்தாறு படகு.
மூவாயிரத்து முந்நூற்று நாற்பத்துநான்கு.
பக்கத்துத் துறையை எழுத
மூடியில் இடமில்லை.

இன்று ஒன்று உயிரோடு வந்தது.
கையுறை கிழிந்த இடத்தில்
சுண்டுவிரலை வாலால் சுற்றிக்கொண்டது.
புல் என்று நினைத்திருக்கும்.
அவசரமில்லாமல், ஒவ்வொரு வளையமாகப்
பிரிக்க வேண்டியிருந்தது.
தண்டல் திரும்பியிருந்த நேரத்தில் கடலில் விட்டேன்.

இறங்கவில்லை.
வயிறு உப்பிப் பக்கவாட்டில் மிதந்தது
விளக்கு வெளிச்சம் முடிகிற வரைக்கும்.
நான் நல்லவனாக இருந்தது
அவ்வளவு தூரம்தான்.
பின்னால் இரும்புச் சங்கிலி
அடுத்த இழுப்புக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

அவை ஜோடி ஜோடியாக வாழும் என்று
கன்லயா ஒருநாள் சொன்னாள்.
விடிந்ததும் ஒன்றையொன்று தேடிப் போய்
நிறம் மாறி, வால் கோத்து,
கொஞ்சம் சுற்றிவிட்டுப் பிரியுமாம்.
தினமும்.
சிரித்தேன் அப்போது.
ஏழு மாதமாக ஊருக்குப் போகாதவனிடம்
சொல்கிற விஷயமா அது?

விடிகிறது. துறை தெரிகிறது.
நோட்டோடு நிற்கிறாள்.
நேற்றிரவு எத்தனை?

விட்டதையும் சேர்த்து இரண்டு என்கிறேன்.
சொல்லி முடித்த பிறகுதான் கேட்கத் தோன்றுகிறது:
இரண்டு என்றால்
ஒரு ஜோடியா,
இரண்டு ஜோடியில் பாதி பாதியா?

அளவுகோலை நோட்டின்மேல் வைத்தபடி
அவள் பார்க்கிறாள்.
அதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.